பசித்தவரை எண்ண மறுத்த ராஜதந்திரம்

திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்படும் சரக்கில் ஒரு டஜன் பனியன் குறைந்துவிட்டால் என்ன நேரும் என்பதை இவ்வூர்க்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் கேட்பார்கள், பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். நூல் எந்த ஆலையில் நூற்றது, சாயம் எங்கே தோய்த்தது, தைத்தது சிறுவனின் கையா என்பது வரையில் அந்நாட்டார் விசாரிக்கிறார்கள். விசாரிப்பது நியாயமே. சட்டைகளை இவ்வளவு கண்டிப்பாக எண்ணத் தெரிந்த தேசங்களின் பிரதிநிதிகள், 2009-ம் வருஷத்தின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் அடைபட்டுக் கிடந்த ஜனங்களை எண்ணுவதற்கு ஏன் தயங்கினார்கள் என்பதே நமது கேள்வி.

முற்றுகை அன்று தொடங்கியதன்று. 1990-ல் யுத்தம் மீண்டும் மூண்டபோதே மண்ணெண்ணெய், உரம், பாட்டரி, சோப்பு முதலியவை வடபகுதிக்குப் போகாதபடி கொழும்பு சர்க்கார் தடை செய்தது. 2002-ம் வருஷப் போர் நிறுத்தத்தின்போதுதான் அது நீங்கியது. பின்னர் 2008 செப்டம்பரில், கிளிநொச்சியிலிருந்த ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஊழியர்களை வெளியேறும்படி அதே சர்க்கார் சொல்லிற்று. போகவேண்டாமென்று ஜனங்கள் வாசலில் நின்று மன்றாடியும் அவர்கள் போய்விட்டார்கள். இதற்குப் பிறகு நடந்தவற்றைப் பார்ப்பதற்கு வெளியுலகின் கண்கள் அங்கே அதிகம் இல்லை.

முற்றுகையில் எண்ணிக்கை என்பது வெறும் கணக்கு விஷயமன்று. எத்தனை பேர் என்று ஒப்புக்கொள்கிறார்களோ அத்தனை பேருக்குத்தான் அரிசி போகும். முல்லைத்தீவிலிருந்த சர்க்கார் அதிகாரி ஒருவரே உள்ளே சுமார் 3,30,000 பேர் இருப்பதாக அறிக்கை அனுப்பினார். கொழும்பு அதை ஆதாரமற்றதென்று தள்ளி, எழுபதினாயிரம் பேர் இருக்கலாம் என்றது. ஏப்ரல் மாதக் கடைசியில் பதினாயிரம் பேர்தான் மீதி என்று சொல்லப்பட்டது, ஐ.நா.வின் சொந்த மதிப்பீடோ ஒரு லட்சத்துக்கும் மேல். யுத்தம் முடிந்த பிறகு மெனிக் பாம் முதலிய முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,90,000 பேர். பொய் எது, மெய் எது என்பதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டுவதில்லை. உணவும் மருந்தும் செல்வதைக் குறைப்பதற்காகவே ஜனத்தொகை வேண்டுமென்று குறைத்துக் காட்டப்பட்டது என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் எழுதியது.

விடுதலைப் புலிகளை நாம் விட்டுவிடவில்லை. தப்பி ஓட முயன்ற ஜனங்களை அவர்கள் தடுத்தார்கள், சுட்டார்கள், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துச் சென்றார்கள் என்று அதே குழு கூறுகிறது. ஆனால் சிறைப்பட்டவனுக்குச் சோறு போடாமலிருப்பதற்குச் சிறைபிடித்தவனின் குற்றம் எப்படிச் சமாதானமாகும்? எந்தக் கோர்ட்டிலும் இந்த வாதம் நிற்காது.

நம்மை அதிகம் வருத்துவது மற்றொன்று. கொழும்பிலிருந்த ஐ.நா. ஊழியர்கள் ஒவ்வொரு சாவையும் சாட்சி வைத்துச் சரிபார்த்துக் குறித்துவந்தார்கள். 2009 மே 13 வரையில் அவர்கள் கணக்கில் இறந்தவர்கள் 7,721, காயம்பட்டவர்கள் 18,479. இதுவும் குறைந்த கணக்கே என்றும், மொத்தச் சாவு நாற்பதினாயிரம் வரை இருக்கலாம் என்றும் நிபுணர் குழு பிறகு சொன்னது. ஆனால் அந்தச் சிறிய கணக்கைக்கூட மேலதிகாரிகள் பகிரங்கமாக வெளியிடவில்லை. சரிபார்க்க இயலாதது என்று சொல்லி அடக்கிவைத்தார்கள். பாதுகாப்புச் சபை இவ்விஷயத்தை முறைப்படி தன் நிகழ்ச்சி நிரலில் ஏற்கவே இல்லை. 'உள்நாட்டு விவகாரம்' என்ற ஆட்சேபத்துக்குப் பணிந்து, தனியே கூடிப் பேசிக் கலைந்தது. ஜெனிவாவிலோ மே 27-ந் தேதி மனித உரிமைக் கவுன்சில், சுயேச்சையான விசாரணை எதுவும் கேட்காமல், இலங்கைக்கு இதமான பிரேரணையை 29-க்கு 12 வோட்டில் நிறைவேற்றிற்று. அந்த 29-ல் இந்தியாவும் ஒன்று. 2012-லும் 2013-லும் டில்லி வேறு விதமாக வோட்டளித்தது உண்மைதான். புதைத்து மூன்று வருஷமான பிறகு.

இதே இந்தியா 1987-ல் என்ன செய்தது? யாழ்ப்பாணத்து முற்றுகையை முன்னிட்டு ஜூன் 3-ந் தேதி ராமேசுவரத்திலிருந்து 19 படகுகளில் நிவாரணப் பொருள்களை அனுப்பியது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட்டது. மறுநாள் ஐந்து விமானங்கள் சுமார் 25 டன் உணவையும் மருந்தையும் வானிலிருந்து போட்டுவிட்டு வந்தன. அதில் மனிதாபிமானம் எவ்வளவு, ராஜ்ய தந்திரம் எவ்வளவு என்று வாதிக்கலாம். வழி இருந்தது என்பதை வாதிக்க முடியாது.

வழி 2009-லும் அடைபட்டிருக்கவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தார் கடல் மார்க்கமாகப் பிப்ரவரி முதல் மே 9 வரை ஏறக்குறைய 14,000 பேரை, காயம்பட்டவர்களையும் அவர்கள் உறவினரையும், மீட்டுவந்தார்கள். கப்பல் போக முடிந்த கரைக்கு இன்னும் அரிசி போயிருக்க முடியாதா?

இலங்கை ஆயத்த ஆடைகளுக்கு அளித்திருந்த வரிச்சலுகையை ஐரோப்பா 2010 ஆகஸ்டில் நிறுத்தி, 2017 மே மாதத்தில் திரும்பக் கொடுத்தது. போட்டியாளருக்குச் சலுகை போனால் தமக்கு எவ்வளவு ஆர்டர் வரும் என்று பனியன் வியாபாரிகள் கணக்குப் பார்ப்பது இயல்பே. நாம் பார்க்கும் கணக்கு வேறு. கையில் இந்தச் சாட்டை இருக்கிறதென்று ஐரோப்பியருக்கு யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே தெரியும். குண்டு விழுவது நின்று பதினைந்து மாதம் கழித்தே அதைச் சொடுக்கினார்கள்.

பட்டினியை ஆயுதமாக்குவதைப் பாதுகாப்புச் சபை 2018-ல் தீர்மானம் போட்டுக் கண்டித்தது. 2025 ஆகஸ்டில் காஸாவில் பஞ்சம் என்று நிபுணர்கள் அறிவித்தபோது அத்தீர்மானம் ஏட்டில் பத்திரமாகவே இருந்தது.

டில்லிக்கு நமது கோரிக்கை ஒன்றே. 2009 ஏப்ரல் 24-ந் தேதி தேசப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணனும் வெளிநாட்டுச் செயலாளர் சிவசங்கர் மேனனும் கொழும்புக்குச் சென்று ஜனாதிபதி ராஜபக்சேயைச் சந்தித்தார்கள். உள்ளே எத்தனை உயிர்கள் இருப்பதாக அறிந்துகொண்டு அவர்கள் அந்த மேஜையில் உட்கார்ந்தார்கள்? பதினாயிரமா, லட்சத்துக்கு மேலா? அன்றைய பேச்சின் குறிப்புகளை வெளியிடும்படி கொங்கு நாட்டின் எம்.பி.க்கள் பார்லிமெண்டில் கேட்கட்டும்.