பழமரத்தடியில் நின்றால் காடு தெரியும்

நம்ம சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்குப் பறவை பார்ப்பது சுலபம். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிக் கண்மாய்க் கரையில் நின்றால் போதும், நாரையும் அரிவாள்மூக்கனும் மரத்துமேலேயே உட்கார்ந்திருக்கும். அதே நினைப்பில் வால்பாறை மழைக்காட்டுக்குப் போனேன். முதல் நாள் வெறும் இலையைத்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

காரணம் இருக்கிறது. மழைக்காட்டு மரங்கள் நூறடி உயரம் வளர்ந்து, உச்சியில் கிளையோடு கிளை கோத்துக்கொள்கின்றன. பூ, பழம், பூச்சி எல்லாம் பெரும்பாலும் மேலேதான். அதனால் பறவையும் குரங்கும் அங்கேதான். கீழே வெளிச்சமும் குறைவு. தேடி அலைந்தால் எதுவும் சிக்காது. மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

1. பழமரத்தைப் பிடியுங்கள். அத்தி, இச்சி, ஆல் வகை மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. மற்ற மரங்களில் பழம் இல்லாத நாளிலும் இவற்றில் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும். இருவாச்சி, குக்குறுவான், மலை அணில், சிங்கவால் குரங்கு எல்லாம் அதைத் தேடி வரும். மரத்தடியில் கடித்துப்போட்ட பழம் புதிதாகக் கிடந்தால் அங்கேயே அரைமணி நேரம் அசையாமல் நில்லுங்கள்.

2. காதைத் தீட்டுங்கள். காற்றே இல்லாமல் ஒரு கிளை மட்டும் ஆடினால் அங்கே குரங்கு இருக்கும். காடே அதிர 'ஹூ ஹூ' என்றால் கருமந்தி. ஓடைப் பக்கம் பையன் ஒருத்தன் விசிலடிப்பதுபோல் கேட்டால் சீகாரப் பூங்குருவி. தலைக்கு மேல் பழைய ரயில் எஞ்சின் மாதிரி 'புஸ் புஸ்' என்று வந்தால், அது இருவாச்சியின் சிறகுச் சத்தம்.

3. கூட்டத்துக்குக் காத்திருங்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று பலவகைப் பறவைகள் ஒன்றாக வந்து பூச்சி பிடிக்கும். கூடவே துடுப்புவால் கரிச்சான் வரும். மற்றவை கிளப்பிவிடும் பூச்சியை இது பிடித்துக்கொள்ளும். நாம் உழும்போது ரெட்டைவால் குருவி பின்னாலேயே வருமே, அதே கணக்குதான்.

காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை நல்ல நேரம். வனத்துறை அனுமதித்த பாதையில் மட்டும் நடங்கள். அட்டை ஏறாமல் இருக்க நீளக் காலுறை அவசியம். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். அதற்குப் பழகிச் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். இருவாச்சிக் கூட்டுப் பக்கம் போகவே கூடாது. பெண் பறவை மரப்பொந்துக்குள் இருந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சின்னப் பிளவு வழியாக ஆண் ஊட்டும் பழம்தான் சாப்பாடு. நாம் அங்கே நின்றால் ஆண் பயந்து ஒதுங்கும், உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

சரி, இதில் விவசாயிக்கு என்ன இருக்கிறது? இருவாச்சி பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகிறது. காடு அப்படித்தான் பரவுகிறது. நம் வேலியோரம் நாம் நடாத வேப்பங்கன்று முளைக்கிறதே, அதுவும் பறவை போட்டதுதான். நிலம் வாங்கிய புதிதில், நிழல் விழுகிறது என்று வரப்போரத்து ஆலமரத்தை வெட்டினேன். வால்பாறையில் ஓர் அத்தி மரத்தடியில் நின்றபோதுதான், எத்தனை வாய்க்குச் சோற்றை நிறுத்தினேன் என்று புரிந்தது.

உங்கள் நிலத்தில் ஆலோ அரசோ அத்தியோ இருந்தால், வெட்டுவதற்கு முன் அது பழுத்திருக்கும்போது ஒரு காலை அரைமணி நேரம் அடியில் நில்லுங்கள். யார் யார் வந்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் முடிவு செய்யலாம்.