நோன்புப் பெருநாள்

நோன்புப் பெருநாள் அல்லது ஈதுல் பித்ர் என்பது ரமலான் மாத நோன்பின் நிறைவாக முசுலிம்கள் கொண்டாடும் பெருநாள் ஆகும். இது இசுலாமிய நாட்காட்டியின் பத்தாம் மாதமான சவ்வாலின் முதல் நாளில் வருகிறது. தமிழில் ஈகைத் திருநாள், ரம்ஜான் பண்டிகை ஆகிய பெயர்களாலும் அழைக்கப்படுகிறது. பெருநாள் தொழுகைக்கு முன்னரே ஏழைகளுக்கு உணவு சென்று சேர்ந்திருக்க வேண்டும் என்ற விதி, ஈகை என்ற பெயருக்குப் பொருள் தருகிறது.

பெயரும் தோற்றமும்

அரபு மொழியில் ஈத் என்பது பெருநாளையும், பித்ர் என்பது நோன்பு துறத்தலையும் குறிக்கும். ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டில் (கி.பி. 624) கடமையாக்கப்பட்டது. அவ்வாண்டே மதீனாவில் இப்பெருநாளும் தொடங்கியது.

நாள் கணிப்பு

இசுலாமிய மாதம் 29 அல்லது 30 நாட்களைக் கொண்டது. ரமலான் 29 ஆம் நாள் மாலையில் பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். இல்லையெனில் நோன்பு 30 ஆக நிறைவு செய்யப்படும். தமிழ்நாட்டில் தலைமை காஜி பிறை குறித்த அறிவிப்பை வெளியிடுகிறார். சில நாடுகளிலும் சில அமைப்புகளிலும் வானியல் கணக்கீட்டின்படி நாள் முடிவு செய்யப்படுவதால், உலகெங்கும் ஒரே நாளில் பெருநாள் அமைவதில்லை.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவானது. எனவே பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2000 ஆம் ஆண்டில் சனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை பெருநாள் வந்தது.

பித்ரா

பெருநாளையொட்டிக் கொடுக்கப்படும் கட்டாயத் தருமம் சதகத்துல் பித்ர் ஆகும். பேச்சு வழக்கில் இது பித்ரா எனப்படுகிறது. நோன்பாளியிடம் நேர்ந்த சிறு குறைகளைப் போக்குவதும், ஏழைகளுக்கு உணவளிப்பதும் இதன் நோக்கங்கள் என நபிமொழி கூறுகிறது.

இதன் அளவு தலைக்கு ஒரு ஸாவு. ஸாவு என்பது முகத்தல் அளவையாகும். இரு கைகளையும் சேர்த்து நான்கு முறை அள்ளும் அளவு. தானியத்தைப் பொறுத்து இது சுமார் 2.5 முதல் 3 கிலோகிராம் வரை இருக்கும். குடும்பத் தலைவர் தம் பொறுப்பில் உள்ள குழந்தைகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்தினர் அரிசியாகக் கொடுத்தால் சுமார் 12.5 முதல் 15 கிலோகிராம் ஆகும்.

ஷாபி மத்ஹபின்படி பிரதான உணவுப் பொருளையே கொடுக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் அதன் விலையைப் பணமாகவும் கொடுக்கலாம். ஹனபி மத்ஹபில் குறிப்பிட்ட அளவு செல்வம் உள்ளவருக்கே இது கடமை. ஷாபி மத்ஹபிலோ, பெருநாளன்று தம் குடும்பத்தின் தேவைக்குப் போக மிச்சம் வைத்திருப்பவர் அனைவருக்கும் கடமையாகும். ஆகவே பித்ரா பெறும் ஏழை ஒருவரே, கிடைத்ததில் மிஞ்சியதிலிருந்து பித்ரா கொடுப்பவராகவும் ஆகக்கூடும்.

தொழுகைக்குப் பின் கொடுக்கப்படுவது பித்ராவாகாமல் சாதாரணத் தருமமாகவே கருதப்படும் என்று நபிமொழி எச்சரிக்கிறது. பிறை தென்பட்ட பின் ஓர் இரவே எஞ்சியிருப்பதால், பல ஊர்களில் பள்ளிவாசல் ஜமாஅத்தினர் முன்கூட்டியே பித்ராவைத் திரட்டி வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றனர்.

தொழுகை

பெருநாளன்று நோன்பு நோற்பது தடை செய்யப்பட்டுள்ளது. முகம்மது நபி ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழங்களை உண்ட பின்னரே தொழுகைக்குப் புறப்படுவார். அதைப் பின்பற்றி, இனிப்பு உண்டு, புத்தாடை அணிந்து, இறைவனின் பெருமையைக் கூறும் தக்பீர் முழங்கியவாறு மக்கள் திடலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்வர். இத்தொழுகைக்குப் பாங்கு சொல்லப்படுவதில்லை. இரண்டு ரக்அத் தொழுகைக்குப் பின் சொற்பொழிவு நிகழும். பின்னர் ஒருவரையொருவர் தழுவி "ஈத் முபாரக்" என வாழ்த்திக்கொள்வர்.

விருந்து

தமிழ்நாட்டில் பிரியாணியும் சேமியாப் பாயசமும், இலங்கையில் வட்டிலப்பமும் சிறப்பிடம் பெறுகின்றன. இந்தோனேசியாவில் நகரங்களில் பணிபுரிவோர் பெருந்திரளாகச் சொந்த ஊர் திரும்புவது வழக்கம். துருக்கியில் குழந்தைகளுக்கு இனிப்புகள் வழங்கப்படுவதால் இது சர்க்கரைப் பெருநாள் என்றும் அழைக்கப்படுகிறது. எங்கும் உறவினர், அண்டை வீட்டார், பிற சமயத்து நண்பர்கள் ஆகியோருடன் உணவு பகிரப்படுகிறது.