தொழில்முறை விளையாட்டில் போட்டி அழுத்தமும் கவனச் சிதைவும்: உலகச் சதுரங்கப் போட்டிகளின் இரு பிழைகளை முன்வைத்து

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022இல் தொடங்கிய அகழாய்வுகளில் சுடுமண் ஆட்டக்காய்கள் பல கிடைத்துள்ளன. காய் நகர்த்தும் ஆட்டம் தமிழ் நிலத்தில் தொன்மையானது. ஆட்டமே தொழிலாகி, ஒரு நகர்த்தலில் பட்டமும் பரிசும் தங்கியிருக்கும் நிலை அண்மைக் காலத்தது. இந்நிலை ஆட்டத்திறனை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறியச் சதுரங்கம் ஏற்ற களமாகும். உடற்களைப்பு, காற்று, ஆடுகளம் போன்ற புறக்காரணங்கள் இதில் குறைவு. ஒவ்வொரு நகர்த்தலும் பதிவாகிறது.

அழுத்தத்தால் நேரும் திறன்சரிவுக்கு உளவியலார் இருவகை விளக்கம் தருவர். ராய் பாமெய்ஸ்டர் 1984இல், அழுத்தத்திற்கு உள்ளானவர் தம் செயலைத் தாமே கண்காணிக்கத் தொடங்குவதால் பழக்கத்தால் இயல்பாகிவிட்ட திறன் குலைகிறது என்றார். கோல்ஃப் பந்தைக் குழியில் தள்ளுவது போன்ற கைத்திறன்களுக்கு இது பொருந்தும். கணக்கிடும் திறனுக்கோ மற்றொரு விளக்கம் உண்டு: கவலை நினைவாற்றலின் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறது. சியான் பைலாக் குழுவினர் 2004இல் கணிதச் சிக்கல்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், நினைவுச்சுமை மிகுந்த கடினமான கணக்குகளிலேயே சரிவு காணப்பட்டது.

இரண்டாம் விளக்கத்தை அப்படியே ஏற்றால், சதுரங்கத்திலும் கடினமான நிலைகளிலேயே பெரும்பிழை நேர வேண்டும். நிகழ்ந்தது வேறு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ், டிங் லிரென் இருவரும் 6.5 – 6.5 என்ற சமநிலையில் பதினான்காம் ஆட்டத்தை ஆடினர். குகேஷிடம் ஒரு சிப்பாய் மிகுதி. எனினும் டிங் காத்துக்கொள்ளக்கூடிய நிலையே. 55ஆம் நகர்த்தலில் அவர் யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். மந்திரிகளும் மாற்றப்படும் நிலை அதனால் உருவாயிற்று. எஞ்சும் சிப்பாய் ஆட்டம் தோல்வி என்பது பயிற்சி பெற்ற எவரும் காணக்கூடியது. கணக்கின் கடுமை இங்கில்லை. காய்களைக் குறைத்து ஆட்டத்தை விரைந்து முடிக்கும் விழைவே அவர் பார்வையை மறைத்தது என்று கருத இடமுண்டு.

பிழை செய்தவரை மட்டும் நோக்குவது போதாது. 2014 நவம்பரில் சோச்சியில், 2.5 – 2.5 என்ற நிலையில் நடந்த ஆறாம் ஆட்டத்தில் கார்ல்சன் 26ஆம் நகர்த்தலில் அரசனைத் தவறான கட்டத்திற்கு நகர்த்தினார். ஆனந்த் தம் குதிரையால் ஒரு சிப்பாயைக் கவர்ந்திருந்தால் ஆட்டம் அவர் கைக்கு வந்திருக்கும். அவரோ ஓரச் சிப்பாயை நகர்த்தினார், ஆட்டத்தையும் இழந்தார். எதிர்பாராத கொடையை ஏற்க மனம் ஆயத்தமாக இல்லை என்பதே அவர் பின்னர் தந்த விளக்கத்தின் சாரம். தற்காப்பிலேயே நெடுநேரம் ஊன்றிய கவனம் வாய்ப்பைத் தேடுவதில்லை.

சிங்கப்பூரில் குகேஷும் டிங்கின் பிழையை உடனே காணவில்லை. வேறொரு நகர்த்தலை ஆட இருந்ததாகப் பின்னர் கூறினார். கை காயைத் தொடுமுன் மீண்டும் பலகையை நோக்கியதே அவருக்கும் பட்டத்திற்கும் இடையே இருந்த தொலைவு.

சொந்த ஊர்ப் பார்வையாளரின் எதிர்பார்ப்பே ஆனந்தை 2013இல் சென்னையில் வீழ்த்தியது என்பார் உளர். அப்போட்டியில் அவர் 3.5 – 6.5 எனத் தோற்றார். ஆயினும் மறு ஆண்டு அயல்மண்ணிலும் 4.5 – 6.5 எனத் தோற்றதை நோக்க, அவ்வாதம் வலுவிழக்கிறது. எதிராளியின் வலிமையை அழுத்தத்தின் கணக்கில் எழுதுவது இத்துறையில் அடிக்கடி நேரும் குழப்பம்.

குகேஷின் ஆயத்தத்தில் இந்தியக் கிரிக்கெட் அணியுடன் 2011 உலகக் கோப்பையில் பணியாற்றிய பேடி அப்டனுக்கும் பங்குண்டு. ஆனால் அவருடைய மீளும் திறனை அதற்கு முன்னரே காணலாம். 2024 ஏப்ரலில் டொராண்டோவில், உலகப் பட்டத்திற்கான போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாம் சுற்றில் அலிரேசா பிரௌஜாவிடம் அவர் தோற்றார். மறுநாள் ஓய்வுநாள். எஞ்சிய ஏழு சுற்றுகளில் ஒன்றிலும் தோற்காமல், 14க்கு 9 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார்.