வெந்நீர் ஊரிலிருந்து வெந்நீர் ஊருக்கு

மலாய் மொழியில் 'பெடாஸ்' என்றால் காரம். ஆனால் நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் மாவட்டத்தில், ரப்பர் மரங்களுக்கும் பின்னாளில் செம்பனைக்கும் நடுவே கிடந்த பெடாஸ் என்னும் எங்கள் சிற்றூரின் கீர்த்தி மிளகாயால் வந்ததன்று. பூமிக்கடியிலிருந்து ஓயாமல் ஊறிவரும் வெந்நீரால் வந்தது. இன்று அந்த ஊற்றைச் சுற்றி நீர்விளையாட்டுப் பூங்கா எழுந்து, விடுமுறை தினங்களில் பேருந்து பேருந்தாக ஜனங்கள் வந்திறங்குகிறார்கள். என் பால்யத்தில், பால்வெட்டி முடங்கிப்போன முழங்கால்களைத் தோட்டத்துக் கிழவர்கள் நனைத்து ஆற்றிக்கொள்ளும் இடம் என்பதற்கு மேல் அதற்கு விசேஷம் ஒன்றுமில்லை. என் பாட்டியும் அங்கே போவாள்.

பிரதமர் மகாதீர் 1982-இல் அறிவித்த கிழக்கு நோக்கும் கொள்கையின் பயனாக, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஆயத்த வகுப்பில் இரண்டு வருஷம் ஜப்பானிய பாஷையோடு மல்லாடிவிட்டு, 1988 ஏப்ரலில், அந்நாட்டுக் கல்வியாண்டு பிறக்கும் செர்ரிப் பூக்காலத்தில் நான் புறப்பட்டபோது, லயத்து வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டது ஒரே கேள்விதான்: "ஜப்பான்காரன் ஊருக்கா ராசா போற? சோறு போடுவானா?"

அவள் கேட்டதில் விளையாட்டு இல்லை. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவுக்கும் பட்டினிக்கும் இரையாகித் திரும்பாமலே போனார்கள். 1943-இல் அப்படிச் சரக்கு ரயிலில் ஏற்றப்பட்டவர்களில் அவளுடைய தமையனும் ஒருவர். அரிசி கண்ணில் படாத ஜப்பானிய ஆட்சியின் மூன்றரை வருஷங்களை மரவள்ளிக்கிழங்கைத் தின்று கடத்தியவள், பிற்பாடு ஆயுள் உள்ளவரை அந்தக் கிழங்கை அடுப்பங்கரைக்குள் சேர்க்கவில்லை.

அதே காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போனவர்களும் இருந்தார்கள் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1943, 1944 ஆம் ஆண்டுகளில் தென்கிழக்காசியாவிலிருந்து 'தென்திசை விசேஷ மாணவர்கள்' என்ற பெயரில் அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்களில், ஹிரோஷிமாவில் பயின்ற மலாயாக்காரர் மூவர் 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டுக்கு அகப்பட்டார்கள். கிளந்தானின் நிக் யூசோபும் ஜொகூரின் சையது ஓமாரும் அதனால் மாண்டு ஜப்பானிய மண்ணிலேயே அடக்கமாக, உயிர் தப்பிய அப்துல் ரசாக் தாயகம் திரும்பி, பின்னாளில் மலேசிய மாணவர்களுக்கு ஜப்பானிய மொழியைப் போதிக்கும் ஆசிரியரானார். நேதாஜி 1944-இல் தோக்கியோ ராணுவக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்த நாற்பதுக்கும் மேற்பட்ட இந்திய வாலிபர்களிலும் மலாயாப் பிள்ளைகள் உண்டு. இவர்களோடு ஒப்பிட்டால் என் யாத்திரை வெறும் உல்லாசப் பிரயாணம்.

கியூஷூ தீவின் ஓய்த்தா மாநிலத்தில் பெப்பு என்னும் நகரத்தில் எனக்கு ஜாகை அமைந்தது. சாக்கடை மூடியிலும் கூரை இடுக்கிலும் வெண்புகை எழும் ஊர். தடுக்கி விழுந்தால் வெந்நீரில்தான் விழவேண்டும். என் அறை ஆறு தத்தாமிப் பாய் அளவு. அதில் ஸ்நான அறை கிடையாது. தெருவுக்குத் தெரு இருக்கும் பொதுக் குளியலகங்களில் சில்லறைக் காசைப் போட்டுவிட்டுக் குளிக்கவேண்டும். குழாயடியில் கைலி கட்டிக் குளித்தே பழகிய தோட்டத்துப் பையனுக்கு, அந்நியர் மத்தியில் பிறந்தமேனியாய் நிற்பதைவிடக் கடினமான பாடத்தை அங்கே எந்தப் பேராசிரியரும் நடத்தவில்லை. முதல் நாள் நான் தொட்டிக்குள் நேரே இறங்கிவிட்டேன். தாழ்ந்த முக்காலியில் அமர்ந்து, உடம்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளி மிச்சமில்லாமல் கழுவிய பிறகே தொட்டிக்குள் இறங்கவேண்டும், சிறு துண்டைத் தலையில் வைத்துக்கொள்ளலாமே தவிரத் தண்ணீரில் நனைக்கலாகாது என்னும் சம்பிரதாயங்களை, ஒரு வார்த்தையும் பேசாமல், தாமே செய்துகாட்டி எனக்குக் கற்பித்தார் ஒரு முதியவர். அப்புறம் அது பழகிவிட்டது; பழகிய பின் விடமுடியவில்லை.

எழுத்து விஷயம் வேறு. 247 எழுத்துக்களைத் திண்ணையில் உட்கார்ந்து மனனம் செய்தவனை 1,945 சீன எழுத்துக்கள் எதிர்கொண்டன. அன்றாட உபயோகத்துக்கென்று அரசாங்கம் 1981-இல் வரையறுத்த எண்ணிக்கை அது. போர் முடிந்த வருஷமும் 1945 என்பது தற்செயல்தான். ஆனாலும் பாட்டிக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் அந்த எண் என்னை உறுத்தியது. வாக்கிய அமைப்போ நம்முடையதே: வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். தமிழில் நினைத்து வரிசை மாற்றாமல் பேசினால் பாதி தூரம் கடந்துவிடலாம். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று பேராசிரியர் சுசுமு ஓனோ வாதாடியதைப் பெரும்பாலான மொழியியலாளர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதில் தலையிட அருகதையற்றவன். ஆயினும் வீட்டிலிருந்து வந்த மிளகாய்த்தூளில் நான் வைத்த குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்த வீட்டுக்காரக் கிழவி, கண்ணில் நீர் தளும்ப "கராய்!" என்று கத்தினாளே, அப்போது எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். எரியும் குப்பை ஒரு நாள், எரியாதது ஒரு நாள், காகிதம் இன்னொரு நாள் என்று பிரித்து, காலை எட்டு மணிக்குள் குறித்த இடத்தில் வைக்கவேண்டும் என்பது தெருவின் சட்டம். கேட்கப் போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. பெரட்டுக் களத்தில் மண்டோர் பெயர் கூப்பிட்டாலொழியக் கால் நகராத ஊரில் பிறந்த நான், கங்காணியே இல்லாமல் ஓர் ஒழுங்கு நடப்பதைக் கண்டு பிரமித்துப்போய், நண்பர்களுக்கெல்லாம் நீண்ட கடிதங்கள் எழுதினேன். ஒரு காலை, தகர டப்பாவை எரியும் குப்பையோடு சேர்த்துக் கட்டிய என் மூட்டை, என் கதவடியிலேயே பத்திரமாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. எதிரே, துடைப்பத்தோடு, முகமெல்லாம் புன்னகையாக வீட்டுக்கார அம்மாள். கங்காணி இல்லாமலில்லை, பிரம்பு இல்லை, அவ்வளவுதான்.

1989 ஜனவரி 7 அன்று ஹிரோஹித்தோ சக்கரவர்த்தி காலமானார். விண்ணப்பத் தாள்களில் தேதியிட நாங்கள் அரும்பாடுபட்டுக் கற்ற ஷோவா யுகத்தின் 64 ஆம் ஆண்டு ஏழே நாளில் முடிந்து, மறுநாள் ஹெய்சேய் முதலாம் ஆண்டு பிறந்தது. தொலைக்காட்சியில் எந்த நிலையத்தைத் திருப்பினாலும் அவருடைய பழைய படங்கள்தாம். சலித்துப்போன மாணவர்கள் வீடியோக் கடைகளை மொய்த்தார்கள். அந்தச் சக்கரவர்த்தியின் பெயரால்தான் பாட்டியின் தமையன் ரயிலேற்றப்பட்டார் என்ற ஞாபகத்தோடு எங்கே நிற்பது, என்ன முகம் வைப்பது என்று தெரியாமல் தெருவில் அலைந்த நான், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு விற்கும் வண்டி நீட்டி முழக்கும் 'யாக்கி இமோ' குரலைக் கேட்டு, இரண்டு வாங்கி ஒன்றை வீட்டுக்கார அம்மாளிடம் நீட்டினேன். அவள் இரு கைகளாலும் மறுத்தாள். போர்க்காலத்தில் ஆயுசுக்கும் சேர்த்துத் தின்று தீர்த்துவிட்டதாகவும், அந்த வாசனை வந்தாலே அடிவயிறு புரளுவதாகவும் சொல்லிவிட்டு, எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பியபோது பாட்டிக்குக் கண் மங்கியிருந்தது. கையால் தடவிப் பார்த்து, உடம்பு இளைக்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு, "சோறு போட்டானா?" என்றாள் மறுபடியும். மூன்று வேளையும் சோறு, சற்றுக் குழைவாக இருக்கும் என்றேன். பெப்புவின் வெந்நீரைச் சொன்னேன். நம் ஊற்றைப்போலவா என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். பிறகு அந்தக் கிழவி கிழங்கை மறுத்த கதையையும் சொன்னேன்.

பாட்டி வெகுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள்.

"அவ வீட்டுக்காரன் சண்டையிலேர்ந்து திரும்பி வந்தானா?"

நான்கு வருஷம் அந்தக் கூரையின் கீழ் இருந்தவன், அதை ஒருநாளும் கேட்டதில்லை.