இணையம் தேடிய ஊர்கள் – 7: கரையேறிய கேபிளும் காத்திருந்த ஹவானாவும்

கியூபாவின் தென்கிழக்குக் கரையில், சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில், சிபோனே என்றொரு கடற்கரை இருக்கிறது. 2011 பிப்ரவரியில் அங்கே ஒரு கண்ணாடி இழைக் கேபிள் கரையேறியது. வெனிசுலாவின் லா குவைராவில் புறப்பட்டு, கடலடியில் சுமார் 1,600 கிலோமீட்டர் வந்த கேபிள் அது. ஆல்பா-1 என்று பெயர். செலவு ஏறத்தாழ 7 கோடி டாலர். நாட்டின் தகவல் தொடர்புத் திறன் 3,000 மடங்கு கூடப்போகிறது என்று அரசு அறிவித்தது.

அதுவரை கியூபாவின் இணையம் முழுவதும் செயற்கைக்கோள் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. 1996-இல் முதல் இணைப்பு கிடைத்தபோது அதன் வேகம் வினாடிக்கு 64 கிலோபிட். ஒரு நாட்டுக்கே அவ்வளவுதான். வரைபடத்தைப் பார்த்தால் வயிறு எரியும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவு கியூபாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்தான். கரீபியன் கடலில் கேபிள்கள் கியூபாவைச் சுற்றிக்கொண்டுதான் போயின. 1962-லிருந்து தொடரும் அமெரிக்கப் பொருளாதாரத் தடை பக்கத்து வாசலை அடைத்துவிட்டது. அதனால்தான் பத்து மடங்கு தூரத்திலிருந்து கேபிள் இழுக்க வேண்டியிருந்தது. இந்த அநியாயத்தை மறைத்துவிட்டுக் கியூபாவின் கதையைச் சொல்ல முடியாது.

ஆனால் அந்த அநியாயம் மட்டுமே கதை அல்ல. கேபிள் கரையேறிய பிறகு நடந்ததைப் பாருங்கள்: ஒன்றும் நடக்கவில்லை. ஏறக்குறைய 2 வருடம் அரசு வாய் திறக்கவில்லை. கேபிள் வேலை செய்கிறதா, பழுதாகிவிட்டதா என்று மக்களுக்குத் தெரியாது.

உண்மையை வெளியே கொண்டுவந்தது ஒரு கடிகாரக் கணக்கு. உலகெங்கும் இணையப் பாதைகளை அளந்துவந்த ரெனசிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தில் டக் மடோரி வேலை பார்த்தார். 2013 ஜனவரியில் கியூபாவிலிருந்து வரும் பதில்களின் நேரம் மாறியிருப்பதைக் கவனித்தார். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். ஒரு சிக்னல் அங்கே ஏறி இறங்கவே கால் வினாடி ஆகும். பதிலும் அதே வழியில் வந்தால் கிட்டத்தட்ட அரை வினாடி. அதற்குக் கீழே போக வழியே இல்லை. ஒளியின் வேகத்தை எந்த அரசாலும் கூட்ட முடியாது. ஹவானாவின் பதில்கள் திடீரென்று அதைவிடச் சீக்கிரம் வர ஆரம்பித்தன. அதே சமயம், இரு திசையிலும் கேபிள் என்று சொல்லும் அளவுக்கு வேகமாகவும் இல்லை. போவது ஒரு வழி, வருவது ஒரு வழி, அதில் ஒன்று கேபிள் என்று மடோரி முடிவு கட்டி எழுதினார். சில நாட்களிலேயே ஆளும் கட்சி நாளிதழான கிரான்மாவில் அரசுத் தொலைபேசி நிறுவனமான எடெக்சாவின் விளக்கம் வந்தது. கேபிள் 2012 ஆகஸ்டிலிருந்தே தொலைபேசி அழைப்புகளுக்காக இயங்குகிறதாம். இணையத்துக்கான சோதனை நடக்கிறதாம். சோதனை முடிந்தாலும் எல்லோருக்கும் வாய்ப்பு தானாகப் பெருகிவிடாது என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள்.

சொன்னபடியே நடந்தது. 2013 ஜூனில் நாடு முழுக்க 118 இணைய மையங்களைத் திறந்தார்கள். கட்டணம் மணிக்கு 4.50 பேசோ. இது சம்பளத்தில் கொடுக்கும் சாதாரண பேசோ அல்ல, ஒரு டாலருக்குச் சமமான மாற்றத்தக்க பேசோ. அப்போது அரசு ஊழியரின் மாதச் சம்பளம் சராசரியாக 20 டாலர் அளவில்தான் இருந்தது. 5 மணி நேரம் இணையத்தில் உட்கார்ந்தால் மாதச் சம்பளம் காலி. 1961-இல் இளைஞர்களைக் கிராமம் கிராமமாக அனுப்பி, ஒரே வருடத்தில் எழுத்தறிவை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோன நாடு இது. அந்த நாடு இந்த விலையை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. தடையைக் காரணம் காட்டலாம். அது கேபிளின் தூரத்தை விளக்கும், 2 வருட மௌனத்தை விளக்காது.

2015 ஜூலையில் விலை மணிக்கு 2 பேசோவாக இறங்கியது. 35 இடங்களில் வைஃபை வந்தது. பெரும்பாலும் பூங்காக்கள், நடைபாதைகள். ஹவானாவில் லா ராம்பா என்று அழைக்கப்படும் 23-ஆம் தெருவின் சரிவில் பகலும் இரவும் கூட்டம். நவுத்தா என்ற கார்டை வாங்கிச் சுரண்டினால் நீண்ட எண்கள் இரண்டு இருக்கும். ஒன்று பயனர் எண், மற்றது கடவு எண். ஒரு இலக்கம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. எடெக்சா கடையில் வரிசை நீளம்; கார்டு தீர்ந்தும் போகும். அப்போது பூங்கா ஓரத்தில் நிற்பவர் 3 பேசோவுக்கு விற்பார். இன்னொருவர் தன் மடிக்கணினியில் ஒரே இணைப்பைப் பலருக்குப் பிரித்து, தலைக்கு ஒரு பேசோ வாங்குவார். மரத்தடியிலும் கட்டைச் சுவரிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, ஐமோ செயலியில் மயாமியிலோ மாட்ரிட்டிலோ இருக்கும் மகனிடம் பேசுவார்கள். பேரன் பிறந்த சேதியும் மருந்து அனுப்பச் சொல்லும் மன்றாட்டும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். அந்தரங்கம் என்பதற்கு அங்கே இடமே இல்லை. வெயிலிலும் மழையிலும் மக்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

காசு கொடுத்து இணையத்துக்குள் போக முடியாதவர்களிடம் இணையமே நடந்து வந்தது. எல் பாக்கேத்தே செமனால், அதாவது வாரப் பொட்டலம். ஏறத்தாழ ஒரு டெராபைட் அளவுக்கு வாராவாரம் புதுப் படங்கள், அமெரிக்கத் தொடர்கள், கொரிய நாடகங்கள், பாட்டு, மென்பொருள், வைரஸ் தடுப்புப் புதுப்பிப்பு, பழைய கார் விற்பனை விளம்பரம் வரை ஹார்டு டிஸ்கில் தொகுத்துத் தீவு முழுக்க ஆள் மூலம் அனுப்பினார்கள். வீட்டுக்கே வந்து நகல் எடுத்துக் கொடுப்பவர்கள் உண்டு. முதல் நாளில் வாங்கினால் விலை அதிகம். நாள் போகப் போக இறங்கும். அரசியலும் ஆபாசமும் சேர்ப்பதில்லை என்று தொகுத்தவர்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். காப்புரிமையைக் கேட்டால் யாரிடமும் பதில் இருந்திருக்காது. ஆனால் கேபிளும் செயற்கைக்கோளும் இல்லாமல், பேருந்தும் சைக்கிளும் கொண்டு ஒரு நாடு முழுவதற்கும் வாரம் தவறாமல் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது எஸ்நெட். ஹவானா இளைஞர்கள் சேர்ந்து விளையாடுவதற்காக 2000-களின் தொடக்கத்தில் வீட்டுக்கு வீடு இழுத்த வலைப்பின்னல். நம் ஊரில் கேபிள் டிவி வயர் மாடிக்கு மாடி தாண்டிப் போனதே, அதே மாதிரி நெட்வொர்க் வயர்கள் தெருக்களுக்கு மேலே போயின. தூரம் அதிகமென்றால் மொட்டை மாடியில் ஒரு கம்பத்தில் நானோஸ்டேஷன் என்ற சின்ன வெள்ளை ஆன்டெனா. அந்த ஆன்டெனா கடையில் கிடைக்காது. வெளிநாடு போனவர் பெட்டியில் வர வேண்டும். கைக்காசு போட்டு வாங்கினார்கள், பேட்டைக்கு ஒரு நிர்வாகியை வைத்தார்கள், அரசியல் பேசக் கூடாது என்று விதி போட்டார்கள். உலக இணையத்தோடு அதற்குத் தொடர்பே கிடையாது. ஆனாலும் உள்ளே டோட்டா விளையாட்டு, அரட்டை அறைகள், விக்கிபீடியாவின் நகல் எல்லாம் இருந்தன. பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள்.

2019 மே மாதம் தகவல் தொடர்பு அமைச்சகம் புதிய விதிகளை வெளியிட்டது. தனியார் வைஃபை கருவியின் திறன் 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. வயர் தெருவைக் கடக்கக் கூடாது. எஸ்நெட் நின்றதே இந்த இரண்டின் மேல்தான். இளைஞர்கள் சிலர் அமைச்சகத்தின் முன்னால் போய் நின்று கேட்டுப் பார்த்தார்கள். முடிவில் எஸ்நெட், 1987-லிருந்து அரசு நடத்திவரும் ஹோவன் கிளப் கணினி மையங்களுக்குள் கரைக்கப்பட்டது. மக்கள் தாங்களாகக் கட்டிய ஒன்றை உரிமம் கொடுத்து வளர்த்திருக்கலாம். அதைச் செய்யாதது பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கிடையே கைபேசியில் இணையம் வந்திருந்தது. சாதாரண குடிமக்கள் கைபேசி இணைப்பு வாங்கவே 2008-இல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குப் பத்து வருடம் கழித்து, 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, 3ஜி திறந்தது. 600 மெகாபைட்டுக்கு 7 மாற்றத்தக்க பேசோ. பூங்காவுக்குப் போக வேண்டிய அவசியம் குறைந்தது.

2021 ஜூலை 11 அன்று, ஹவானாவுக்கு அருகே சான் அன்டோனியோ தெ லோஸ் பான்யோஸ் ஊரில் மின்வெட்டும் பற்றாக்குறையும் தாங்காமல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதைக் கைபேசியில் நேரலையாகப் பார்த்த மற்ற ஊர்களும் இறங்கின. அன்றே இணையம் தடைபட்டது. அடுத்த மாதம், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் 35-ஆம் எண் ஆணைச் சட்டம் வந்தது.

2025 மே 30 அன்று எடெக்சா மறுபடி கட்டணத்தில் கை வைத்தது. சம்பளத்தில் கொடுக்கும் சாதாரண பேசோவில் மாதம் 360 பேசோவுக்குத்தான் ரீசார்ஜ் செய்யலாம் என்றது; அதற்கு 6 ஜிபி. அது தீர்ந்துபோனால் கூடுதல் 3 ஜிபி 3,360 பேசோ. அப்போது குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2,100 பேசோதான். கருவிகள் வாங்க டாலர் இல்லை, வலைப்பின்னலே நின்றுவிடும் நிலை என்று நிறுவனம் சொன்னது. அந்த நெருக்கடி பொய்யல்ல. அதற்காக, டாலரில் ரீசார்ஜ் செய்து அனுப்பச் சொல்லி வெளிநாட்டில் இருக்கும் உறவினரின் பையில் கை விடுவதுதான் வழி என்றால், வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு என்ன செய்யும்?

இதே கேள்வியை ஹவானா பல்கலைக்கழக மாணவர்கள் கேட்டார்கள். கணிதம் மற்றும் கணினியியல் புலத்தில் வகுப்புகளைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். கியூபாவில் இப்படி ஒரு அழைப்பு மிக அரிது. அரசு இறங்கி வந்து, பல்கலைக்கழக மாணவர்கள் மட்டும் 360 பேசோ தொகுப்பை மாதம் இரண்டு முறை வாங்கலாம் என்றது. எங்களுக்கு மட்டும் சலுகை போதாது, எல்லோருக்கும் வேண்டும் என்று மாணவர்கள் பதில் எழுதினார்கள். அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை.