5,000 கி.மீ-லயா, 10,000 கி.மீ-லயா? சிந்தெட்டிக் ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

லோன் போட்டு முதல் கார் எடுத்திருப்பீங்க. இ.எம்.ஐ, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாத்துக்கும் பட்ஜெட் போட்டாச்சு. ஆனா ஆயில் மாத்துற விஷயத்துல ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வாங்க. மெக்கானிக், "5,000-க்கு ஒரு தடவை மாத்திடுங்க சார்"ன்னு சொல்வார். கூட வேலை பார்க்கிறவர், "சிந்தெட்டிக்தானே, 15,000 வரைக்கும் தாங்கும்"னு சொல்வார். முதல் ஆள் பேச்சைக் கேட்டா பர்ஸ் காலி. ரெண்டாவது ஆள் பேச்சைக் கேட்டா இன்ஜினுக்கு ஆபத்து.

பதில் உங்க கார்லயே இருக்கு

காரோட வந்த ஓனர்ஸ் மேனுவலைத் திறந்து பாருங்க. மாருதி, ஹூண்டாய் போன்ற கம்பெனிகளின் சாதாரண பெட்ரோல் கார்களுக்குப் பொதுவா 10,000 கி.மீ அல்லது 1 வருஷம், இதில் எது முதல்ல வருதோ அப்போ ஆயில் மாத்தணும். டீசல், டர்போ கார்களுக்கு இது மாறலாம். உங்க மாடலுக்கு என்ன போட்டிருக்குன்னு பாருங்க.

"எது முதல்ல வருதோ" என்பதைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை.

சிம்மக்கல்காரர் கணக்கு

வீடு சிம்மக்கல், ஆபீஸ் இலந்தைக்குளம் ஐ.டி பார்க். ஒரு வழிக்கு 8 கி.மீ-னு வைச்சுக்குவோம். தினமும் 16 கி.மீ, மாசத்துக்கு 22 நாள்னா 352 கி.மீ. வருஷத்துக்கு 4,224. அழகர்கோவில், சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம்னு எல்லாம் சேர்த்தாலும் 6,000 தாண்டாது. 10,000-ஐத் தொட 20 மாசம் ஆகும்.

"அப்போ 20 மாசம் கழிச்சு மாத்திக்கலாமே?" கூடாது. 12 மாசம்தான் முதல்ல வருது.

காரணம் இதுதான். பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயில்ல கலக்கும். இன்ஜின் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடினா அது ஆவியாகிடும். சின்னச் சின்னத் தூரமா ஓட்டினா அதுக்கு வாய்ப்பே இல்லை, உள்ளேயே தங்கிடும். கோரிப்பாளையம் நெரிசல்ல வண்டி நிக்கும்போது மீட்டர் ஓடாது, ஆனா இன்ஜின் ஓடிட்டுதான் இருக்கும். சிந்தெட்டிக் ஆயில் சூட்டை நல்லாத் தாங்கும், உண்மைதான். ஆனா அழுக்கு கலக்குறதை அதால தடுக்க முடியாது.

அதனால தினமும் ரெண்டு மூணு கி.மீ மட்டும் ஓட்டுறவங்க, மேனுவல்ல கடுமையான பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருக்கான்னு பாருங்க. நெரிசல், தூசி, குறுகிய தூரம் எல்லாம் அதுலதான் வரும். அதுல இடைவெளி இன்னும் குறைவு.

இப்போ பணக் கணக்கு

ஒரு தடவை ஆயில், ஃபில்டர் மாத்த ₹3,500 ஆகுதுன்னு வைச்சுக்குவோம் (உங்க பில்லைப் பார்த்து மாத்திக்கோங்க).

- வருஷம் 6,000 கி.மீ ஓட்டுறவர்: ஒரு தடவை போதும். ₹3,500.
- அடிக்கடி சென்னை போய் வந்து 20,000 கி.மீ ஓட்டுறவர்: ரெண்டு தடவை. ₹7,000. இவரே 5,000-க்கு ஒரு தடவை மாத்தினா நாலு தடவை, ₹14,000. அஞ்சு வருஷத்துல ₹35,000 கூடுதல் செலவு. ஹைவேல சீரா ஓடுற வண்டிக்கு அது தேவையே இல்லாத செலவு.

அதுக்காக மேனுவல் சொன்னதைத் தாண்டி ஓட்டியும் மிச்சம் பிடிக்காதீங்க. வாரண்டி இருக்கும்போது சர்வீஸைத் தவறவிட்டா, நாளைக்கு இன்ஜின்ல பிரச்னை வந்தா கிளெய்ம் மறுக்கப்படலாம். ₹3,500-ஐ மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் செலவைத் தலையில் ஏத்திக்க வேண்டாம். ஒவ்வொரு பில்லையும் பத்திரமா வையுங்க.

கவுன்ட்டர்ல ஏமாறாம இருக்க

1. "ஆயில் கறுத்துடுச்சு"ன்னு காட்டினா பயப்படாதீங்க. அழுக்கை இழுத்து வைச்சுக்கிறது ஆயிலோட வேலை. நிறத்தை மட்டும் வைச்சு முடிவு பண்ண முடியாது.
2. "மதுரை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் சரி"ம்பாங்க. மேனுவல்ல 0டபிள்யூ-16 அல்லது 5டபிள்யூ-30-னு என்ன இருக்கோ, அந்த கிரேடையே கேளுங்க.
3. இலவச சர்வீஸ்னா பொதுவா லேபர் மட்டும்தான் இலவசம். ஆயில், ஃபில்டருக்குக் காசு உண்டு.
4. இன்ஜின் ஃப்ளஷ், அடிட்டிவ்னு பில்லுல ஏத்தினா, "மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேளுங்க.
5. மாசம் ஒரு தடவை சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு டிப்ஸ்டிக்கைப் பாருங்க. ஆயில் ரெண்டு குறிக்கும் நடுவுல இருக்கணும். அளவு குறைஞ்சுட்டே போனா தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே காட்டுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

கடைசி பில்லை எடுங்க. அந்தத் தேதியோட ஒரு வருஷம், அந்த மீட்டர் ரீடிங்கோட 10,000 (அல்லது உங்க மேனுவல் சொல்ற எண்) கூட்டுங்க. ரெண்டையும் போன்ல ரிமைண்டரா போடுங்க. ₹3,500-ஐ 12-ஆல வகுத்தா மாசம் ₹300 கூட வராது. சம்பளம் வந்த அன்னைக்கே அதைத் தனியா எடுத்து வையுங்க. சர்வீஸ் மாசம் வரும்போது கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டிய அவசியமே வராது.