பெயர் ஒன்று, அளவு இரண்டு: ஸ்காட்லாந்தின் பழைய பைண்ட்

எண்ணெயோ, பாலோ, எதை அளந்து விற்றாலும் வாடிக்கையாளர் நம்புவது நம் கையிலுள்ள அளவுப் பாத்திரத்தைத்தான். அந்தப் பாத்திரம் சரியானதா என்று ஒத்துப் பார்க்க மூல அளவு ஒன்று வேண்டும். அந்த மூல அளவே காணாமற்போனால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்து நாட்டில் அப்படித்தான் நடந்தது.

அங்கே மதுவகைகளையும் பிற திரவங்களையும் அளக்கத் தனி வாய்பாடு இருந்தது. 4 ஜில் ஒரு மட்ச்கின். 2 மட்ச்கின் ஒரு சாப்பின். 2 சாப்பின் ஒரு பைண்ட். 8 பைண்ட் ஒரு காலன். ஸ்காட்லாந்து பைண்ட் நமது கணக்கில் சுமார் 1.7 லிட்டர். இங்கிலாந்தின் பைண்டோ அதில் மூன்றில் ஒரு பங்குதான். பெயர் ஒன்று, கொள்ளளவு வேறு. இரு நாட்டுக்கும் சரக்கு அனுப்பிய வணிகருக்கு இது எத்தனை தலைவலி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

1707ஆம் ஆண்டு இரு நாடுகளும் ஒன்றாக இணைந்தன. இணைப்பு ஒப்பந்தத்திலேயே பீருக்கான வரியைக் குறிப்பிடும்போது, 34 இங்கிலாந்து காலன் பீப்பாய் 12 ஸ்காட்லாந்து காலனுக்குச் சமம் என்று எழுதி வைத்தார்கள். இனி எங்கும் இங்கிலாந்து அளவே செல்லும் என்றும் விதித்தார்கள். ஆனால் சட்டம் மாறியதே தவிர கடைத்தெரு மாறவில்லை. பழைய அளவுகள் நூறாண்டுக்கு மேலும் புழங்கின.

ஸ்காட்லாந்தில் ஒவ்வோர் அளவின் மூலமும் ஒரு நகரத்தின் காவலில் இருந்தது. முழம் போன்ற நீட்டல் அளவு எடின்பரோவில், எடை லானார்க்கில், தானிய அளவு லின்லித்கோவில், பைண்ட் ஜாடி ஸ்டர்லிங்கில். இந்த ஜாடியை ஸ்டர்லிங் நகர மன்றம் செம்புப் பாத்திரம் செய்பவர் ஒருவருக்கு இரவல் கொடுத்திருந்தது. அவர் 1745ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சேர்ந்து போய்விட்டார். அவருடைய பொருள்கள் ஏலம் போயின. ஜாடியை மட்டும் விலை பெறாதது என்று பரணிலேயே போட்டுவிட்டார்கள்.

கணிதத்தில் தேர்ந்த அலெக்சாண்டர் பிரைஸ் என்ற திருச்சபைப் போதகர் அந்த ஜாடியைத் தேடி வந்தார். அதிகாரிகள் வேறொரு ஜாடியைக் காட்டினார்கள். இது அதுவல்ல என்று அவர் கண்டுகொண்டார். விடாமல் தேடி 1752இல் உண்மையான ஜாடியைப் பரணிலிருந்து மீட்டார். தண்ணீர் ஊற்றி அதன் கொள்ளளவையும் கணக்கிட்டார். நாட்டின் மூல அளவு இப்படி ஒரு தனி மனிதரின் அக்கறையால் தப்பியது.

1824ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டன் முழுமைக்கும் ஒரே காலனை வகுத்தது. அத்துடன் ஸ்காட்லாந்து பைண்ட் வழக்கொழிந்தது. ஆனாலும் பிரிட்டன் மதுக்கடைகளில் விஸ்கியை ஜில் கணக்கில் ஊற்றும் வழக்கம் 1994 முடிய நீடித்தது. 1995 முதல் 25 அல்லது 35 மில்லிலிட்டர் என்றாயிற்று. ஸ்டர்லிங் ஜாடி இன்று அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பெயர் மட்டும் அளவாகிவிடாது. ஒடுங்கி நெளிந்த லிட்டர் பாத்திரமும் லிட்டர் என்றே பெயர் சொல்லும், ஆனால் குறைவாகவே கொள்ளும். கடையிலுள்ள அளவுகளை எடுத்துப் பாருங்கள், நெளிந்ததை ஒதுக்குங்கள், முத்திரையை உரிய காலத்தில் புதுப்பியுங்கள். நமது நாணயம் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்கிறது.